தேக்குக்காகத் தேக்கிய தண்ணீர்

ஜனவரி 11, 2020, சனி: பெகு

“பறவை பாக்கவா இம்புட்டுத் தூரம் வர்ற? நம்ம ஊர்ல இல்லாத பறவையா ஆத்தா?” என்று போன வாரம் போனில் கேட்ட மாமா, இன்று ரங்கூன் பஸ் வந்து நின்ற இடத்தில் குடையோடு காத்திருந்தார். வெயிலுக்குப் பிடித்த குடை. மார்கழிக் கடைசி என்று பெயர்தான். மத்தியானம் 32 டிகிரி. விடிகாலையில் மட்டும் போர்வை தேவைப்படுகிறது.

இந்த மாமா என் அம்மாவின் பெரியப்பா மகன். 1964-ல் கடைகண்ணியெல்லாம் நாட்டுடைமையானதும் கப்பலேறி ஊர் திரும்பிய கூட்டத்தில் எங்கள் தாத்தா இருந்தார். மாமாவின் அப்பா வரவில்லை. உழுத மண்ணையும் ஒரு ஜோடி மாட்டையும் விட்டுவர அவருக்கு மனமில்லை. அதனால் மாமா பெகுக்காரர். நாட்டுக்கு ‘மியான்மா’ என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பலகைகளில் இந்த ஊர் ‘பகோ’. மாமா வாயில் இன்னமும் பர்மாதான், பெகுதான்.

வீட்டில்தான் தங்க வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக நின்றார். வெளிநாட்டவர் இங்கே உரிமம் வாங்கிய விடுதியில்தான் இரவு தங்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு விடுதியில் அறை போட்டேன். சாப்பாடு மட்டும் அத்தை வீட்டில். சோறு, பருப்பு, விரால் மீன் குழம்பு, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நாப்பி. புளிக்க வைத்த மீன் விழுது அது. பச்சைக் காய்களைத் தொட்டுத் தின்ன வேண்டும். முதல் வாய்க்கு வாசனை முகத்தில் அடிக்கிறது. மூன்றாவது வாய்க்கு நானே கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாமா ஹின்தா கோன் குன்றுக்குக் கூட்டிப்போனார். இந்த நகரமே ஒரு பறவைக் கதையிலிருந்து பிறந்தது. ஒரு காலத்தில் இங்கெல்லாம் கடல். ஒரே ஒரு பறவை நிற்கும் அளவுக்கு மட்டும் ஒரு திட்டு. அதில் ஆண் பறவை நின்றது, பெண் பறவை அதன் முதுகில் அமர்ந்தது. அதைப் பார்த்த புத்தர், பின்னாளில் இங்கே ஒரு பெருநகர் எழும் என்றாராம். அப்படி எழுந்ததுதான் மோன் அரசர்களின் தலைநகர் ஹம்சாவதி. குன்றின் மேல் அந்த ஜோடி சிலையாக இருக்கிறது. நாம் அன்னம் என்றதும் வெள்ளையாய், நீண்ட கழுத்தோடு ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். இங்கே ஹின்தா என்று சொல்வதை ஆரஞ்சுப் பழுப்பு நிறத்து வாத்தாக, நம் இலக்கியத்துச் சக்கரவாகமாக அடையாளம் காண்கிறார்கள்.

“இதனாலதான் பெகு ஆம்பளைங்க பெண்டாட்டி பேச்சைத் தட்ட மாட்டாங்கன்னு பர்மா பூரா சொல்லுவாக” என்றார் அத்தை. மாமா மறுக்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு: வழி தவறியது

மோயூன்ஜி ஏரி பெகுவுக்கு வடக்கே, பழைய மண்டலே சாலையில், பின்போன்ஜி என்ற ஊரை ஒட்டி இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஏறும்போதே உதவியாளரிடம் ஊர்ப் பெயரை எழுதிக் காட்டினேன். அவர் தலையாட்டினார். என் உச்சரிப்பில் கோளாறா, அவர் மறந்துவிட்டாரா தெரியாது, பஸ் பின்போன்ஜியைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது. வலப்பக்கம் தெரிய வேண்டிய தண்ணீர் எங்கேயும் தெரியாமல் போனபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இறங்கிப் பார்த்தால் தாய்க்கூ.

உச்சி வெயில், முதுகில் பை, கையில் பைனாகுலர், பர்மிய மொழியில் மொத்தம் நாலு வார்த்தை. எதிரில் இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மா கன்னத்தில் தனாக்கா என்ற மரப்பட்டை விழுதைப் பூசியிருந்தார். நான் வாய் திறப்பதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி, “தமின் சா பீபீ லா?” சோறு சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். நம் பக்கத்திலும் வழிதெரியாமல் வந்து நிற்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதானே. ஒரு கிண்ணம் மொயிங்கா வைத்தார். கெளுத்தி மீனும் வாழைத்தண்டும் கரைந்த குழம்பில் அரிசி நூடுல்ஸ், மேலே நொறுக்கிப் போட்ட பருப்பு வடை, எலுமிச்சை. 700 சாட். நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 20 சாட் என்பதால் 35 ரூபாய். மேசையில் ஃபிளாஸ்க் நிறைய வெறும் தேயிலைத் தண்ணீர். அதற்குக் காசில்லை, எத்தனை குவளை வேண்டுமானாலும் குடிக்கலாம்.

சாப்பிட்டு முடித்து, மாமாவுக்குப் போன் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு நிமிஷம் பேசினார்கள். பிறகு அவர் தன் மகனையே மோட்டார் சைக்கிளில் அனுப்பினார். பின்போன்ஜி வரை கொண்டுவந்து விட்ட பையன் பெட்ரோலுக்கு 3,000 சாட் போதும் என்றான். 5,000 கொடுத்ததற்குப் பிடிவாதமாக 2,000 திருப்பிக் கொடுத்தான். வலக்கையால் நீட்டி, இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு கொடுத்தான். பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இங்கே அப்படித்தான் செய்கிறார்கள்.

ஏரிக்கரை விடுதியில் பையைப் போட்டுவிட்டுப் பார்வைக் கோபுரத்தில் ஏறும்போது மணி நாலரை. மேற்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முன்னால் பத்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் தண்ணீரும் புல்லும் தாமரையும். எங்கள் சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிப் பறவைச் சரணாலயத்துக்குச் சின்ன வயதிலிருந்து போய்வருகிறேன். அது மொத்தமே நாற்பது ஹெக்டேருக்குள். கரையில் நின்று மரத்து நாரைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் எண்ணத் தொடங்கி, எருமைகளின் முதுகில் இருந்த உண்ணிக்கொக்குகளோடு நிறுத்திக்கொண்டேன்.

இருட்டும் நேரத்தில் சீழ்க்கைச் சிறகிகள் வந்தன. முதலில் சத்தம்தான். சின்னப் பிள்ளைகள் பல் சந்தில் விசிலடிப்பது போல. பிறகு தலைக்கு மேல் வரிசை வரிசையாக. பௌர்ணமி முடிந்து இரண்டு நாள். ஏழரை மணிவாக்கில் நிலா தண்ணீருக்கு மேல் வந்தது. அந்த வெளிச்சத்திலும் விசில் நிற்கவில்லை.

ஜனவரி 13, திங்கள்: எஞ்சின் நின்ற நாற்பது நிமிஷம்

காலை ஆறரைக்கு மோட்டார் படகு, 20,000 சாட். படகோட்டி வயதில் சின்னவர், சிரித்த முகம். குளிர் கன்னத்தை அறுத்தது. ஏரி மேல் வெள்ளைப் பனி. நீள வால் எஞ்சினை அவர் இழுத்து ஓடவிட்டதும் எனக்கு மனசு சுருங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு ஏரியே கலைந்தது. 200 மீட்டர் தள்ளி இருக்கும்போதே நாமக்கோழிகள் தண்ணீரை மிதித்து ஓடி எழும்பின. ஊசிவால் வாத்துகள் ஒரே வீச்சில் மேலே போயின. நான் பைனாகுலரைக் கண்ணில் வைப்பதற்குள் கறுப்புப் புள்ளிகள்தான் மிச்சம். என்னோடு அதே நேரத்தில் கிளம்பிய இன்னொரு படகில் ஒரு குடும்பம், பறவைகள் எழும்ப எழும்பக் கை தட்டியது. பறவை கூட்டமாக எழும்புவது அழகுதான். ஆனால் அந்த ஊசிவால்கள் சைபீரியாவில் குஞ்சு பொரித்து, குளிருக்குத் தப்பி, ஆயிரக்கணக்கான மைல் பறந்து இங்கே வந்திருப்பவை. தின்று உடம்பு தேற்றித் திரும்பிப் போக வேண்டியவை. காலையில் நாலு தடவை வீணாக எழுப்பினால் அத்தனையும் அவற்றின் உடம்பிலிருந்து போகிறது. எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை.

ஏழேகால் இருக்கும். வெங்காயத் தாமரைக் கொடியும் கோரையும் காற்றாடியில் சுற்றிக்கொண்டு எஞ்சின் உறுமி நின்றது. படகோட்டி மன்னிப்புக் கேட்கும் குரலில் என்னவோ சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். அவர் அறுத்து எடுக்க நாற்பது நிமிஷம் ஆனது.

அந்த நாற்பது நிமிஷம்தான் எனக்கு இந்தப் பயணம்.

ஐந்து நிமிஷத்தில் மீசை ஆலாக்கள் திரும்பி வந்து படகைச் சுற்றித் தண்ணீரைக் கொத்தின. பத்து நிமிஷத்தில், ஒரு தென்னை மர தூரத்தில், நீலத் தாழைக்கோழி ஒன்று கோரைக்குள்ளிருந்து வெளியே வந்தது. நெற்றியில் சிவப்புத் தகடு, உடம்பெல்லாம் நீலமும் ஊதாவும். ஒரு தண்டைப் பிடுங்கி, கிளி பிடிப்பது போலக் காலால் பிடித்து, உள்ளிருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் கடித்துத் தின்றது. தின்று முடித்து அடுத்த தண்டு. அதற்குப் பின்னால் இன்னும் ஏழு. தாமரை இலை மேல் இலைக்கோழிகள் நடந்தன. நீளவால் இலைக்கோழிக்கு இப்போது நீளவால் கிடையாது. அது முட்டையிடும் பருவத்துக்கு மட்டும் வளர்வது. விரல்கள் மட்டும் எப்போதும் நீளம்தான். உடம்பின் பாரத்தை அந்த விரல்கள் பரத்திவிடுவதால் இலை அமிழ்வதில்லை. இதில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்.

படகோட்டி கொடியை அறுத்தபடியே என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் எஞ்சினைத் தொடாமல், கையில் கோல் ஊன்றுவது போலக் காட்டி, “நாளைக்கு?” என்பது போல் புருவத்தை உயர்த்தினார். அவர் அப்பா கோல் ஊன்றுகிற படகு வைத்திருக்கிறார். 12,000 சாட், நேரக் கணக்கில்லை. உடனே சரியென்றேன்.

வெயில் ஏறிய பிறகு கரையில் உட்கார்ந்து பேபியோ சாப்பிட்டேன். வேகவைத்த பட்டாணி, எண்ணெயில் வதக்கிய வெங்காயம், சுடச்சுட நான் ரொட்டி. அதோடு பால் கெட்டியாக ஒரு டீ, 400 சாட். சரணாலயத்தில் வேலை பார்க்கும் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். ஜனவரி பிறந்தால் ஆசியா முழுக்க நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 1987-லிருந்து நடப்பது. இந்த ஏரியும் அதில் உண்டு என்றார். 2004-ல் பர்மாவிலேயே முதன்முதலாக ராம்சார் பட்டியலுக்கு, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலுக்குப் போன ஈரநிலம் இதுதான் என்று சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு அவர் சொன்ன விஷயம்தான் என்னை மத்தியானம் முழுக்கத் தூங்கவிடவில்லை. இது தானாக அமைந்த ஏரி இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில், 1878-ல், கரை கட்டித் தேக்கிய நீர்த்தேக்கம். எதற்கு? தேக்கு மரத்துக்கு.

சித்தாங் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஓதம் ஏறும்போது தண்ணீர் சுவர் போல எழுந்து ஆற்றுக்குள் வரும். அதில் படகும் தாங்காது, கட்டையும் தாங்காது. அந்த முகத்துவாரத்தைத் தவிர்க்கத்தான் சித்தாங்குக்கும் பெகு ஆற்றுக்கும் இடையே கால்வாய் வெட்டினார்கள். கால்வாயில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்காக மோயூன்ஜி. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. காட்டில் நிற்கும்போதே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை ஆழமாக வெட்டி விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று வருஷம் நின்ற நிலையிலேயே மரம் செத்துக் காயும். அதற்கப்புறம் சாய்த்து, யானை கட்டி இழுத்து ஆற்றில் விட்டால் மிதந்து வரும்.

காரைக்குடிப் பக்கம் பிறந்த எவருக்கும் பர்மாத் தேக்கு என்ற சொல் தெரியாமல் இருக்காது. எங்கள் தெருவில் செட்டியார் வீட்டு முகப்பில் இரண்டு கை சேர்த்து அணைத்தாலும் எட்டாத தூண்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவற்றைக் கட்டிப் பிடித்துக் கண்ணாமூச்சி ஆடியிருக்கிறேன். வெயில் காலத்தில் கன்னத்தை வைத்தால் குளுகுளுவென்று இருக்கும். அது கப்பலில் வந்தது என்று மட்டும்தான் அப்போது சொன்னார்கள். கப்பலுக்கு முன்னால் அது எந்தத் தண்ணீரில் மிதந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. அந்தத் தூண்களில் ஒன்றாவது இந்தக் கால்வாய் வழியாக ரங்கூனுக்குப் போயிருக்கலாம். நிச்சயம் என்று சொல்ல என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் கரையோரம் போய், தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கட்டை மிதந்த காலம் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இப்போது இந்தத் தண்ணீர் கீழ்நாட்டு வயல்களுக்கு வெள்ளத்தைத் தடுக்கிறது, பாசனத்துக்குப் போகிறது. 1988-ல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள்.

ஜனவரி 14, செவ்வாய்: கோல் படகு

இருட்டோடு மாமா பெகுவிலிருந்து வந்துவிட்டார். போகிப் பண்டிகை நாளில் வீட்டை விட்டு வருவதற்கு அத்தையிடம் என்ன சொன்னாரோ. இங்கேயும் ஹின்தா கதைதான் நடந்திருக்கும்.

படகோட்டியின் அப்பாவுக்கு அறுபது வயது இருக்கும். லோன்ஜியை மடித்துக் கட்டி, பின்னால் நின்று கோலை ஊன்றித் தள்ளினார். கோல் தண்ணீரில் இறங்கும் சத்தமும், நீர் சொட்டும் சத்தமும், அவ்வளவுதான். மாமாவும் அவரும் பர்மிய மொழியில் மெதுவாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். பேச்சுக்குப் பறவை பயப்படவில்லை. எஞ்சினுக்குத்தான் பயம்.

நத்தைக்குத்தி நாரைகளை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. வேட்டங்குடியில் அவை மர உச்சியில் கூடு கட்டி நிற்கும், நாம் கரையில் நிற்போம். இங்கே படகிலிருந்து பதினைந்து அடியில் ஒன்று இரை எடுத்துக்கொண்டிருந்தது. அலகை முழுக்க மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். பாக்குவெட்டி மாதிரி நத்தையை நொறுக்கும் என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நத்தையைத் தண்ணீருக்கு அடியில் தரையோடு அழுத்திக்கொண்டு, கீழ் அலகின் கூர்முனையை ஓட்டு வாய்க்குள் விட்டு, சதை ஒட்டியிருக்கும் இடத்தை அறுத்து உருவிவிடுகிறது. ஓடு முழுசாக அப்படியே கிடக்கிறது. கிழவர் குனிந்து அப்படி ஒரு வெற்று ஓட்டை எடுத்து என் கையில் வைத்தார். அந்தப் பறவைக்குப் பர்மிய மொழியில் உள்ள பெயரிலும் நத்தை இருக்கிறது என்று மாமா சொன்னார். “நாமளும் நத்தகுத்தின்னுதானே சொல்றோம். எவன்கிட்ட எவன் கேட்டுச் சொன்னான்? ரெண்டு பேருக்கும் கண்ணு ஒண்ணு, அம்புட்டுத்தான்.”

மாமாவுக்குப் பறவை தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது. சீழ்க்கைச் சிறகி அவருக்குச் சிறகி. செந்நாரையைக் கண்டதும் “ஒத்தையா நிக்கிறவன்” என்றார். முக்குளிப்பான் முங்கிய இடத்தைப் பார்த்து, அது எங்கே எழும்பும் என்று விரலை நீட்டினார். மூன்று தடவையில் இரண்டு தடவை சரியாக இருந்தது. சின்ன வயதில் சிறகியைக் கண்ணி வைத்துப் பிடித்துத் தின்றதையும் மறைக்காமல் சொன்னார். “அப்ப சோத்துக்கே வழியில்ல ஆத்தா. இப்ப யாரும் பிடிச்சா எனக்குப் பிடிக்கிறதில்ல.”

எட்டு மணிவாக்கில் கோரை ஓரமாகத் தண்ணீர் துடித்தது. மெல்லிய நைலான் மீன் வலை. அதில் ஒரு நீலத் தாழைக்கோழி. ஒரு இறக்கையும் இரண்டு காலும் சிக்கியிருந்தன. பக்கத்திலேயே ஒரு நாமக்கோழி, செத்து ஒரு நாளாவது இருக்கும், கழுத்தில் நூல் இறுகியிருந்தது. என் தொண்டை அடைத்துக்கொண்டது. கிழவர் கோலை நட்டுப் படகை நிறுத்தி, தலைத்துண்டை எடுத்துப் பறவையின் முகத்தை மூடினார். கண் மறைந்ததும் அது உதறுவதை நிறுத்தியது. மாமா உடம்பைப் பிடித்துக்கொள்ள, அவர் ஒவ்வொரு நூலாகக் கத்தியால் அறுத்தார். அவசரப்படவே இல்லை. பறவையின் விரல்கள் அவ்வளவு நீளமாக, அவ்வளவு சிவப்பாக இருந்தன. ஒரு விரலில் நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. அதை அறுக்க மட்டும் பத்து நிமிஷம். துண்டை எடுத்ததும் அது மாமாவின் புறங்கையில் ஓங்கி ஒரு கொத்து கொத்திவிட்டுக் கோரைக்குள் ஓடியது. ரத்தம் வந்தது. மாமா கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, “ஓடுதுல்ல, கால் சரியாத்தான் இருக்கு” என்றார்.

வலை யாருடையது என்று கிழவருக்குத் தெரியும். அவர் ஊர்க்காரர் ஒருவருடையது. அறுத்தது முக்கால் கை அகலம். திரும்பும்போது நேராக அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாதே என்று மாமா கேட்டிருக்கிறார். “எனக்குத் தெரியுமே” என்று பதில். வலைக்காரருக்கு 5,000 சாட் கொடுத்துவிடும்படி நான் நீட்டியபோது முதலில் வாங்கவே மாட்டேன் என்றார். மாமா இரண்டு முறை சொன்ன பிறகு, முழங்கையைத் தொட்டு வாங்கி, சட்டைப்பையில் தனியாக மடித்து வைத்தார்.

வலை போடுகிறவர்களைத் திட்டி நாலு வரி எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்த ஏரியைச் சுற்றி இருப்பவர்கள் மீனையும் நெல்லையும் நம்பி வாழ்கிறவர்கள். தண்ணீர் வற்ற வற்ற ஓரங்களில் நடவு ஏறி வருகிறது. கரையோரம் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களையும் இன்று பார்த்தேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நைலானுக்குப் பதிலாக, பறவைக்கும் தெரியும் தடித்த நூலும், கோரையை விட்டுத் தள்ளி வலை போடும் வழக்கமும் வந்தால் இரண்டு பேரும் பிழைக்கலாம். பார்க்க வருகிற நாமும் எஞ்சின் படகைக் கேட்காமல் கோல் படகைக் கேட்டால், அந்த 12,000 சாட் கிழவர் மாதிரியானவர்களுக்குப் போகும். இந்தத் தண்ணீரில் எது எங்கே சிக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

பத்து மணிக்கு வெயில் சுட்டது. பூனைப்பருந்து ஒன்று கோரைக்கு மேல் தாழ்ந்து தாழ்ந்து பறந்தது. அதைக் கண்டதும் நீலச்சிறகிகள் எழுந்து, இறக்கையின் சாம்பல் நீலம் மின்ன ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் இறங்கின. பருந்துக்காக எழுவது வேறு. அதில் எனக்கு வருத்தமில்லை.

கரை சேர்ந்ததும் கிழவர் வீட்டில் சாப்பிடாமல் விடவில்லை. பச்சைத் தாமரை விதையை உரித்துக் கொடுத்தார் அவர் மனைவி. நுங்கு மாதிரி இளசாக, நடுவில் மட்டும் ஒரு கசப்புக் குருத்து. அதை எடுத்துவிட்டுத்தான் தின்ன வேண்டும். நான் எடுக்காமல் தின்று முகம் சுளித்ததைப் பார்த்து அந்த வீட்டுக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

ஜனவரி 15, புதன்: பொங்கல்

மாமாவின் கிராமத்தில் இருபது முப்பது தமிழ் வீடுகள். வயல் நடுவே ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில். பொழுது விடியும் நேரத்தில் வாசலில் கோலம், வரப்போரம் மூன்று கல் அடுப்பு, புதுநெல் அரிசி, பனை வெல்லம். கரும்பு இங்கேயே விளைந்தது. பொங்கி வழிந்தபோது எழுந்த “பொங்கலோ பொங்கல்” குரலில் பக்கத்து வீட்டுப் பர்மியப் பிள்ளைகளின் குரலும் இருந்தது. அவர்களுக்கு வாழையிலையில் பொங்கல் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் பௌர்ணமிக்கு அவர்கள் தமனே கிண்டுவார்கள். பசையரிசியும் எள்ளும் வேர்க்கடலையும் தேங்காயும் பெரிய சட்டியில் போட்டு, துடுப்பு போன்ற கட்டையால் ஆண்கள் நின்றுகொண்டு கிண்டுவது. அன்றைக்கு இந்த வீட்டுப் பையன்கள் கிண்டப் போவார்கள் என்றார் அத்தை.

படைத்து முடித்ததும் அத்தை ஒரு கை பொங்கலை வரப்பில் காக்கைக்கு வைத்தார். முதலில் வந்தது மைனா. அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பத்து மணி வாக்கில் வயலில் சூடேறியதும், நத்தைக்குத்திகள் நாற்பது ஐம்பது ஒன்றாக எழுந்து, இறக்கையை அடிக்காமல் வட்டமிட்டு மேலே போயின. அடுப்புப் புகைக்கு நேர் மேலே.

“சரி, சொல்லு. நம்ம ஊர்ல இல்லாத பறவை என்ன பாத்த?” என்று மாமா கேட்டார். குறிப்பேட்டைப் புரட்டினேன். நத்தைக்குத்தி, செந்நாரை, நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, மீசை ஆலா, ஊசிவால், நீலச்சிறகி. எல்லாமே எங்கள் பக்கக் கண்மாய்களுக்கும் வருபவைதான்.

“எல்லாம் நம்ம ஊர்ல உள்ளதுதான் மாமா. இவ்வளவு கிட்டக்க உக்காந்து பாத்ததில்ல.”

“சாரஸ் கொக்கு பாத்தியா?”

இல்லை. ஆள் உயரம் நிற்கும் அந்தக் கொக்கைப் பார்க்க வேண்டும் என்பதும் நான் இங்கே வந்ததற்கு ஒரு காரணம். மாமாவின் அப்பா காலத்தில் அறுப்பு வயலில் ஜோடியாக வந்து நிற்குமாம். பயிரை மிதிக்கிறதே என்று பண்ணையாள் கல்லை எடுத்தால் அவர் கையைப் பிடித்துக்கொள்வாராம். “அது ஒண்ணு போனா இன்னொண்ணு சோறு தண்ணி இல்லாமக் கெடக்கும்டான்னு சொல்லுவாரு.” மாமாவின் புறங்கையில் நேற்றுக் கொத்திய இடம் கன்றிப்போயிருந்தது. அத்தை மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டிருந்தார்.

பாட்டிலில் பலாச்சாங் என்ற காய்ந்த இறால் வறுவல், ஒரு கட்டுக் காய்ந்த தாமரைக் காய், பொங்கல் ஒரு டப்பா. பையில் இடம் போதாமல் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். நத்தை ஓட்டைக் கைக்குட்டையில் சுற்றி மேல் பையில் வைத்தேன்.

நாலு மணிக்கு ரங்கூன் பஸ் வந்தது. மாமா டிரைவரிடம் நான் இறங்க வேண்டிய இடத்தைச் சொன்னார். நான் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் பக்கம் வந்து உதவியாளரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொன்னார்.